ஒறம்பரைக்கு வந்த மலைக்குடில்

குடில் நடந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயத்தைக் கடைசிவரை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு இழுக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. ஆல்ப்ஸ் மலையில், ஏழாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில், நூற்றுப் பத்து வருஷமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்த மர்மோட்டா என்கிற இரண்டு மாடிக் கல்குடில், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஜன்னல் கதவுகளோடும், தலையில் ஒரு புகைபோக்கியோடும், உள்ளே நாற்பது மெத்தைகளோடும், எங்கள் சாரதாமணி அத்தை கூப்பிட்டாள் என்கிற ஒரே காரணத்துக்காக எழுந்து எங்கள் பின்னால் வந்தது. எழுந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அத்தை தரையிலிருந்து எழும்போது முட்டியில் கை ஊன்றி "அப்பாடி" என்பாள், அந்த அளவுதான்.

நான் அங்கே போனதே வேறொருவர் இடத்தில். பதினொன்றாம் வகுப்புப் பாதியில், விடுதிப் பள்ளியில் காலை நாலரை மணிக்கு எழுப்பிப் போன வருஷத்துக் கேள்வித்தாளையே மறுபடி மறுபடி எழுத வைத்ததில் வெறுத்துப்போய், அதை ஹெட்மாஸ்டரிடமே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து இனிமேல் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, அடுத்த மாதம் நிறுத்தாமல் பேசினாள், இரண்டில் முதல் மாதமே தேவலை. அந்த நேரம் பார்த்து, அப்பாவின் அக்கா சாரதாமணி அத்தையும் சென்னியப்பன் மாமாவும் ஆல்ப்ஸில் ஆறு நாள் நடைப்பயணம் போவதாக இருந்தது. மூன்று பேருக்குப் பதிவு செய்திருந்தார்கள். மூன்றாவது ஆள், மாமாவோடு சேர்ந்து போர்வெல் வண்டி ஓட்டுகிற குழந்தைவேலு. அவருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகிவிட்டது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள், எனக்கு ஊர் காட்டுவதற்காக அல்ல, தனக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காக. அதை என் முன்னாலேயே சொன்னாள், அந்த நேர்மை மட்டும் எனக்கு அவளிடமிருந்து வந்தது. குடில்களின் பதிவில் பெயரை மாற்ற எல்லாரும் மறந்துபோனதால் ஆறு நாளும் சாப்பாட்டு மேஜையில் என் முன்னால் "குழந்தைவேலு" என்ற சீட்டுதான் இருந்தது. சூப் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் என்னை "ஹெர் குழந்தைவேலு", அதாவது திருவாளர் குழந்தைவேலு, என்று மரியாதையோடு கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என்னை வெண்ணிலா என்று சரியாகக் கூப்பிட்டவர்கள் அதில் பாதி மரியாதை கொடுத்ததில்லை.

இந்த நடையை ஏதோ மலையேற்ற சாகசம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய பெட்டிகள் வண்டியிலும் கம்பியில் ஓடுகிற தொட்டியிலுமாக நமக்கு முன்னாலேயே அடுத்த குடிலுக்குப் போய்விடும். நாம் தண்ணீர் பாட்டிலோடு நாலைந்து மணி நேரம் நடந்தால் போதும், பாதை பிரிகிற இடத்திலெல்லாம் மஞ்சள் அம்புப்பலகை, அடுத்த குடிலுக்கு எத்தனை மணி நேரம் என்று அதில் எழுதியிருக்கும். போய்ச் சேர்ந்ததும் பூட்ஸைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுக் குடில்காரர்கள் கொடுக்கிற கம்பளிச் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும், ஆறரைக்கு சூப், பத்து மணிக்கு விளக்கு அணையும். மாமா இதில் எதையும் பார்க்கவில்லை. முப்பது வருஷம் நாலு மாநிலங்களில் நிலத்தைத் துளைத்தவர் என்பதால், உலகமே வந்து படமெடுக்கிற பனிச்சிகரங்களைப் பார்த்துவிட்டு, இங்கே எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் கொங்குப் பக்கத்தில் விருந்தாளியை ஒறம்பரை என்போம். யாரைப் பார்த்தாலும், விடைபெறும்போது, ஒரு நாளைக்கு ஒறம்பரைக்கு வாங்க என்று சொல்லாமல் பிரியக்கூடாது. கேட்கிறவரும் வராமல் என்ன, கட்டாயம் வர்றோம் என்று சொல்லியாக வேண்டும். யாரும் போக மாட்டார்கள், யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். ஊருக்கெல்லாம் இது ஒரு வாய்ப்பழக்கம் என்றால் அத்தைக்கு மூச்சு. பஸ் கண்டக்டரைக் கூப்பிடுவாள், ராங் நம்பரில் பேசினவரைக் கூப்பிடுவாள், விமான நிலையத்தில் அவளுடைய பையைத் திறந்து ஒரு கிலோ அரிசி மாவு எதற்கு என்று கேட்ட அதிகாரியைக் குடும்பத்தோடு கூப்பிட்டாள். இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கவுந்தப்பாடியில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற அவளுடைய பதினொரு நாற்காலி போட்ட வீட்டுக்கு, என் நினைவு தெரிந்து ஒருத்தரும் போய்த் தங்கினதில்லை. விருந்தாளி அறை மெத்தையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அப்பாவும் போனதில்லை. நானும் போனதில்லை.

இரண்டாம் நாள் காலையில், கணவாய் மேட்டில் இருக்கிற மர்மோட்டா குடிலிலிருந்து நாங்கள் கிளம்பினோம். குடிலை நடத்துகிற ஃபுளூரினா, ஆறடி உயரம், இடுப்பில் எப்போதும் ஒரு கரண்டி, எங்களுக்கு வழியில் குடிக்கத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவ உள்ளே போய்விட்டாள். அத்தைக்குக் கூப்பிடாமல் பிரிய முடியாது, கூப்பிட வாசலில் ஆளும் இல்லை. தொண்டை வரைக்கும் வந்த அழைப்பை விழுங்கவும் தெரியாமல், அவள் வாசல் நிலையைக் கையால் தொட்டு அதனிடமே சொல்லிவிட்டாள்.

"நாங்க போயிட்டு வர்றோமுங்க. ஒரு நாளைக்கு நம்மூட்டுக்கு ஒறம்பரையா வாங்க. கவுந்தப்பாடில எறங்கி சென்னியப்பன் தோட்டம்னா யாரும் சொல்லுவாங்க. வராம இருந்தரக் கூடாது, ஆமா."

நூற்றுப் பத்து வருஷமாக அந்தக் குடிலைப் பார்த்து ரொம்ப அழகு, மறுபடி வருகிறோம் என்று எத்தனையோ ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். நீ வா என்று யாரும் சொன்னதில்லை. நாங்கள் முதல் வளைவு திரும்புவதற்குள் அது எழுந்துவிட்டது.

நான்தான் முதலில் பார்த்தேன், அத்தையிடம் சொன்னேன். அத்தை திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் மெதுவாக நடங்கள், பின்னால் ஆள் வருகிறார்கள் என்றாள். குடில் பெரிய சரீரம் படைத்த ஒரு அம்மா கல்யாண மண்டபப் படி இறங்குவது போல, ஒரு மூலையை முன்னே வைத்து, யோசித்து, அடுத்த மூலையை வைத்து இறங்கியது. பாதி வழியில் ஃபுளூரினா கதவைத் திறந்து, ஜன்னலில் வேறு மலை தெரிகிறதே என்று பார்த்து, கீழே குனிந்து குடிலின் அடிக்கல்லைப் பார்த்து, இத்தனை வருஷம் நின்ற கால் மரத்துப் போயிருக்கும், கொஞ்சம் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சூப் இடது பக்கமாகச் சிந்துகிறது என்பது மட்டும்தான் அவளுடைய புகார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் தம்பதி பத்து மணிக்கு எழுந்து வந்து, தாங்கள் அன்றைக்குப் போக வேண்டிய இடத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டதைப் பார்த்து, வரைபடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மறுபடி படுக்கப் போனார்கள்.

அன்று சாயங்காலம் இரண்டாவது குடிலில் கொஞ்சம் சிக்கல். அது கண்டிப்பான குடில், முன்பதிவு இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டார்கள், மர்மோட்டாவுக்கோ முன்பதிவு இல்லை. ஃபுளூரினா தன் சமையலறையிலிருந்து பத்தடி தள்ளியிருந்த அந்தச் சமையலறைக்குப் போன் போட்டு ஓர் இடம் கேட்டாள். எத்தனை பேர் என்றார்கள், ஒன்று என்றாள், சைவமா அசைவமா என்றார்கள், அவள் யோசித்துச் சைவம் என்றாள். அதற்குப் பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை, வெளியே இருந்த பெஞ்சுகளை நகர்த்தி இடம் கொடுத்தார்கள், அடிக்கல்லில் இருந்த சேற்றை மட்டும் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் ஊரே அதற்குப் பழகிவிட்டது. ஊர் என்றால் கீழே பள்ளத்தாக்கில் அறுபது வீடு, அதற்குத் தலைவர் தூமாஸ், தபால் கொடுப்பவரும் அவரே, மலைப்பாதையில் மஞ்சள் அம்புப்பலகைகளுக்கு ஆணி அடிப்பவரும் அவரே. பலகையில் மர்மோட்டா குடிலுக்கு இரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தது, குடிலோ தினமும் தள்ளித் தள்ளிப் போனது, மனுஷன் தினமும் காலையில் ஏணியோடு ஏறி வந்து இரண்டை அழித்து ஐந்து என்றும் ஐந்தை அழித்து ஒன்பது என்றும் எழுதினார், நாலாம் நாள் சலித்துப்போய் "மர்மோட்டா: விசாரித்துப் போகவும்" என்று ஒரேயடியாக எழுதி மாட்டிவிட்டார். ஊர்க்கூட்டம் போட்டு, நடக்கிற குடில் வாகனமா பாதசாரியா என்று மூன்று மணி நேரம் பேசி, பாதசாரிதான் என்று முடிவு செய்து, அப்படியானால் குறுகலான பாதையில் மேலே ஏறுகிறவர்களுக்கு அது ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தூமாஸ் வந்து அதைக் குடிலின் கதவில் ஒட்டினார். குடில் அன்றிலிருந்து ஆட்கள் எதிரே வந்தால் பாறையோடு பாறையாக ஒட்டி, புகையை அடக்கிக்கொண்டு நின்றது. மாட்டுக்காரர்கள் குறை சொல்வார்கள் என்று பார்த்தால், நடக்கிற நிழல் கிடைத்ததில் மாடுகள் கழுத்துமணியை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தன, பாலும் கூடுதலாகக் கறந்ததாம்.

எங்கள் மாமா நடப்பதையே நிறுத்திவிட்டார். குடிலின் முன்பக்க பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு, கையில் தேநீரோடு உட்கார்ந்தபடியே மூன்றாம் குடிலுக்கும் நாலாம் குடிலுக்கும் வந்து சேர்ந்தார். பதினாலு கிலோமீட்டர், பூஜ்யம் காலடி என்று அவருடைய போன் காட்டியது. அதைப் படமெடுத்துக் குழந்தைவேலுவுக்கு அனுப்பினார். நீ வந்திருந்தாலும் உன் மூட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று எழுதினார்.

அத்தை மட்டும் நடந்தாள். குடிலுக்குப் பக்கத்தில், ஜன்னலோடு ஜன்னலாக, தன் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடந்தாள். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு ருசி, வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் எத்தனை முருங்கை மரம், பதினொரு நாற்காலியில் எது ஆடும் எது ஆடாது எல்லாம் சொன்னாள். பதினேழு வருஷத்தில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கேட்கிற தூரத்தில் நான் இருந்ததில்லை என்பதுதான் சரி.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை காலையில் தூமாஸ் ஏணி இல்லாமல் வந்தார். நாங்கள் நாலாவது குடிலின் புல்வெளியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். அவர் மாமாவுக்கு ஆங்கிலத்தில் சொல்ல, மாமா எங்களுக்குச் சொன்னார். பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து இருபத்திநாலு பள்ளிப் பிள்ளைகளும் இரண்டு வாத்தியார்களும் நேற்றே நடக்கத் தொடங்கிவிட்டார்கள், இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கணவாய் மேட்டுக்கு, மர்மோட்டா குடிலில் தங்குவதற்காக வருகிறார்கள். அந்தப் பாதையில் போனுக்கு சிக்னல் கிடையாது. சாயங்காலம் பனி கொட்டப்போகிறது. மேகம் இப்போதே இறங்கிவிட்டதால் ஹெலிகாப்டர் பறக்காது. அந்த மேட்டில் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு வேறு கூரை இல்லை, பிள்ளைகள் வந்து பார்த்தால் நாலு மூலைக் குழிதான் இருக்கும்.

குடில் திரும்பிப் போக வேண்டும். அதன் காலுக்கு, வேகமாகப் போனால், நாலு மணி நேரம். ஆக, ஒரு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். தூமாஸ் ஊர்த்தலைவர் என்ற முறையில் உத்தரவு போட்டுப் பார்த்தார், குடில் அசையவில்லை. ஃபுளூரினா சுவரில் தட்டி ஏதோ அதட்டினாள், அதற்கும் அசையவில்லை. அப்புறம் அவள் நேராக அத்தையிடம் வந்து, இது இப்போது என் குடில் இல்லை, உங்கள் விருந்தாளி, நீங்கள்தான் போகச் சொல்ல வேண்டும் என்றாள்.

ஐம்பத்திநாலு வயது வரைக்கும் வீட்டுக்கு வந்த ஒறம்பரையைப் போ என்று அத்தை சொன்னதில்லை, வந்தவர்களே இல்லை என்பது வேறு விஷயம். மாமா நைஸாகச் சொல்லிப் பார்க்கலாம் என்றார், ஊரில் ஒரு சாவு, வீடு பூட்டியிருக்கிறது என்று ஒரு பொய் சொல்வோம் என்றார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் அவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீதான் யாரா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்றவளாச்சே" என்றார் மாமா. "ஹெட்மாஸ்டருகிட்டயே சொன்னவ. போய்ச் சொல்லு."

போனேன். எனக்கென்ன. கதவுக்கு முன்னால் நின்று, பிள்ளைகள் வருகிறார்கள், பனி வருகிறது, நீ உன் இடத்துக்குப் போ என்று சொன்னேன். குடில் புகையை நிறுத்தியது. ஒவ்வொரு ஜன்னலாக, மாடியிலிருந்து கீழ்வரைக்கும், சிவப்பு வெள்ளைக் கதவுகளைச் சாத்திக்கொண்டது. அப்புறம் மெதுவாகத் திரும்பி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. முதுகில் கழிப்பறைக் குழாய் ஒன்றுதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் வேலை நடக்கும் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை நடக்காதது மட்டுமில்லை, எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கோபத்தை அத்தை மேல் காட்டினேன்.

"நீங்க நெசமாத்தான் கூப்புட்டீங்களா அத்தை, இல்ல சும்மா கூப்புட்டீங்களா?"

அத்தை ரொட்டியைப் பிய்த்தாள். எல்லாரையும் சும்மாதான் கூப்பிட்டியா என்று யாரும் அவளை அதுவரை கேட்டதில்லை போல.

"சும்மாதான் கண்ணு கூப்புட்டேன்" என்றாள். "ஆரு வர்றாங்க? வர மாட்டாங்கன்னுதான் எல்லாத்தையும் கூப்புடறது. ஆனா இவங்க வந்துட்டாங்களே. நாலு நாளா வெறும் வவுத்தோட வர்றாங்க, ஒரு வாய் தண்ணி குடுக்கல நானு. ஊட்டுக்கு வந்து சாப்புடாம எப்புடி எந்திரிச்சுப் போவாங்க?"

அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. வருவதாகச் சொல்லிக் கிளம்பிய ஒறம்பரை, வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கினால்தான் போக முடியும், நடுவழியில் திருப்பி அனுப்பினால் அதற்குப் பெயர் அவமானம். கவுந்தப்பாடிக்குப் போக நேரமில்லை. அத்தை புடவையை இழுத்துச் செருகினாள். வீட்டை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்றாள்.

அதிகாரி சந்தேகப்பட்ட அந்த ஒரு கிலோ அரிசி மாவை எடுத்துக்கொண்டு புல்வெளியில் இறங்கினாள். இரண்டு நாளாக ஓர் அடியும் வைக்காத மாமா, போர் போட இடம் அளக்கிற மாதிரி காலால் அளந்து அளந்து முன்னே போக, அத்தை பின்னாலேயே மாவால் கோடு இழுத்து, வாசல், கூடம், சமையல்கட்டு, பொடக்காலி என்று தன் வீட்டை அந்தப் பச்சைப் புல் மேல் வரைந்தாள். விருந்தாளி அறை எந்தப் பக்கம் என்று மாமாவுக்குத் தெரியவில்லை. அந்த அறைக்குள் நான் போனதே இல்லையே என்றார். எனக்குத் தெரியும், தினமும் கூட்டறேன் என்று அத்தை அவரை விலக்கிவிட்டுத் தானே அளந்து போட்டாள். கூடத்தில் குடில் கொள்ளாது போலிருந்தது, மாமா ஒரு சுவரைப் பதினஞ்சடி தள்ளிப் போட்டார். தூமாஸ் போய் நாலாவது குடிலிலிருந்து சரியாகப் பதினொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதில் ஒன்று ஆடியது, வேண்டுமென்றே தேடினாராம்.

அத்தை வாசல் கோட்டில் கோலம் போட்டு, முகம் கழுவி, எதுவும் நடக்காதது போலக் கூடத்தில் போய் நின்றாள். குடில் ஒரு ஜன்னலைத் திறந்து பார்த்தது. அப்புறம் இன்னொன்று. மெல்லத் திரும்பி, கோலத்தை மிதிக்காமல், புகைபோக்கியைத் தணித்துக்கொண்டு, இல்லாத நிலைக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தது.

"வாங்க வாங்க" என்றாள் அத்தை. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

பத்தரை மணிக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், வாசற்படி உறிஞ்சிக்கொண்டது. ஃபுளூரினாவைச் சமைக்க விடவில்லை, நீயும் ஒறம்பரைதான் உட்கார் என்று நாற்காலி காட்டினாள், ஆடுகிற நாற்காலி. ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசியும் பருப்பும் போட்டு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். வாழை இலைக்குப் பதிலாக மாட்டுக்கொட்டகைப் பக்கம் விசிறி மாதிரி வளர்ந்திருந்த ஏதோ ஓர் இலையைக் கழுவிப் போட்டு, நெய் விட்டு, வாசற்படிக்கு உள்ளே வைத்தோம். கதவு சாத்திக்கொண்டது. திறந்தபோது இலை துடைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை வைத்தோம். மூன்றாவது தடவை வேண்டாம் என்று ஜன்னல் கதவை அசைத்தது, அத்தை கேட்கவில்லை, இதென்ன குருவி கொத்துகிற மாதிரி என்று ஒரு கரண்டி அதிகமாகவே வைத்தாள். நாங்களும் மாவுக் கோட்டுக்குள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். தூமாஸ் கையால் சாப்பிட்டு, முழங்கை வரைக்கும் வழியவிட்டார். மேகம் மலை உச்சிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டே வந்தது.

பன்னிரண்டு மணிக்குக் குடில் எழுந்தது. எல்லாரும் அப்பாடா என்றோம். எங்கள் பக்கத்தில் ஒறம்பரை எழுந்தால் வீட்டுக்காரர் என்ன சொல்ல வேண்டும் என்பதை நான் மறந்துவிட்டேன், அத்தை மறக்கவில்லை.

"அதுக்குள்ளயா? என்ன அவசரம், இருந்துட்டு நாளைக்குப் போலாமில்ல?"

குடில் உடனே உட்கார்ந்துவிட்டது. அத்தை வாயில் கை வைத்துக்கொண்டாள். தூமாஸுக்கு மாமா மொழிபெயர்த்ததும் அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மறுபடி உலை வைக்க வேண்டியதாகிவிட்டது, ஏனென்றால் இருக்கச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார வைக்க முடியாது. காபி, அப்புறம் சாக்லேட்டைப் பொடித்து ரவையில் போட்டு ஒரு கேசரி, அப்புறம் அந்தக் கேசரி நன்றாக இல்லை என்று அத்தை சொல்ல, நன்றாகத்தான் இருக்கிறது என்று குடில் புகைவிட, இப்படியே ஐம்பது நிமிஷம் போனது. முதல் பனித்துணுக்கு மாமாவின் வழுக்கையில் விழுந்து கரைந்தது.

ஒரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. அத்தை பையிலிருந்து பச்சை ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்தாள், எந்த நாட்டுக்குப் போனாலும் அவள் பையில் இரண்டு இருக்கும். அதை மாடி ஜன்னல் கொண்டியில் கட்டினாள், வெற்றிலைக்குப் பதில் ஒரு பச்சை இலையும் இரண்டு கொட்டைப் பாக்கும் வாசற்படியில் வைத்தாள், சிமிழைத் திறந்து நிலையில் குங்குமம் வைத்தாள். குடில் எழுந்தது. அத்தையின் உதடு பிரிவதைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் தானாகத் திறக்கிறது, அந்தச் சொல் அவள் தொண்டையில் ஏறி வருவது எனக்குத் தெரிகிறது, அவளாலும் அதை நிறுத்த முடியாது, ஐம்பது வருஷப் பழக்கம்.

நான் இலையில் மிச்சமிருந்த சோற்றை ஒரு பெரிய உருண்டையாகப் பிடித்து அத்தையின் வாயில் திணித்தேன்.

அவள் வாயை மூடுவதற்குள் குடில் கோலத்தைத் தாண்டிவிட்டது. அவள் மென்று முடிப்பதற்குள் முதல் வளைவில் திரும்பிவிட்டது, ஃபுளூரினா கதவில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு இன்னொரு கையால் கரண்டியை ஆட்டினாள், பச்சைத் துணி காற்றில் பறந்தது. ஓட்டம் என்றால் ஓட்டம், கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு ஓடுகிறவர்கள் தோற்றார்கள். எதிரே ஏறி வந்த ஆட்களுக்கு மட்டும் தீர்மானத்தின்படி ஒதுங்கி வழிவிட்டதாம், அப்படியும் நாலேமுக்காலுக்குத் தன் குழியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஐந்து பத்துக்கு இருபத்திநாலு பிள்ளைகளும் தொப்பியில் பனியோடு உள்ளே நுழைந்து, கம்பளிச் செருப்பு மாட்டிக்கொண்டு சூப் கேட்டார்கள். விருந்தினர் புத்தகத்தில் ஒரு பையன், குடில் நல்ல குடில், ஆனால் ராத்திரி முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது என்று எழுதியிருக்கிறான். தூமாஸ் மறுநாள் பலகையில் இரண்டு மணி நேரம் என்று திருப்பி எழுதினார். குங்குமத்தை யாரும் துடைக்கவில்லை, மழையில் கரைந்தால் ஃபுளூரினா சிவப்பு பெயிண்டால் வைத்துவிடுகிறாளாம்.

அத்தை சோற்றை விழுங்கிவிட்டு என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து, புல்லில் குடில் உட்கார்ந்திருந்த இடம் நசுங்கிக் கிடந்ததைத் தடவிப் பார்த்தாள். வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள் என்று மாமாவிடம் சொன்னாள், மாமா பக்கத்திலேயே இருந்து பார்த்தவர் என்றாலும் இரண்டு தடவை சொன்னாள்.

கோயமுத்தூர் விமான நிலையத்தில் பிரியும்போது அத்தை வழக்கம்போல என்னைப் பார்த்து ஒரு நாளைக்கு வீட்டுக்கு வா கண்ணு என்றாள். நான் வழக்கம்போல வர்றேன் அத்தை என்றேன். வீட்டில் ஒரு வாரம் அம்மாவின் பேச்சைக் கேட்டேன். எட்டாம் நாள் டிரங்குப் பெட்டியோடு கவுந்தப்பாடியில் இறங்கி, சென்னியப்பன் தோட்டம் எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை, நாலு கிலோமீட்டர் விசாரித்து விசாரித்து நடந்தேன். அத்தை கதவைத் திறந்து, என்னையும் பெட்டியையும் பார்த்து, என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று ரோட்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா என்றாள்.

மெத்தையின் பிளாஸ்டிக் உறையை நான்தான் கிழித்தேன். அது இரண்டு மாதத்துக்கு முன்னால். தினமும் காலையில் கிளம்புகிறேன் அத்தை என்று பெட்டியைத் தூக்குகிறேன், அத்தை அதுக்குள்ளயா, என்ன அவசரம் என்கிறாள், வைத்துவிடுகிறேன். அவள் வாயில் சோறு திணிக்க இங்கே வேறு ஆள் இல்லை.